நிற்கும் வரி

என் அப்பா ஆந்திர எல்லையில் உள்ள தடாவில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதினார். பேரேட்டின் மேல் எப்போதும் ஒரு மர ஸ்கேல் கிடக்கும். அடுத்து எழுத வேண்டிய வரியின் தலைமேல் அதை வைத்திருப்பார். டீ குடிக்கப் போனாலும், பீமுனிவாரிபாலெம் செக்போஸ்டில் வண்டி மாட்டிக்கொண்டது என்று ஆள் வந்து கூப்பிட்டாலும், ஸ்கேலை அப்படியே விட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுதுவார். ஒருநாள் மேசை துடைத்த பையன் ஸ்கேலை ஒரு வரி கீழே நகர்த்தி வைத்துவிட்டான். நாயுடுபேட்டை நெல்லுக்கான வாடகை கும்மிடிப்பூண்டி இரும்பின் கணக்கில் ஏறிவிட்டது. அன்று ராத்திரி அப்பா சாப்பிட வர பத்து மணி ஆனது.

அதே தப்பை இருபத்தைந்து வருடம் கழித்து நான் செய்தேன், விஎஸ் கோட் என்ற எடிட்டரில். ஒரு லோடு ஆபீசுக்காக எழுதிய சின்ன எக்ஸ்டென்ஷன் அது. பட்டியலில் கர்சர் நிற்கும் வரியைப் படித்து, வண்டி எண்ணையும் எடையையும் பிரித்துக் கீழே காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. கொடுத்த மறுநாளே போன்: "சார், நான் ஒரு வண்டியில நிக்கிறேன், அது அடுத்த வண்டியக் காட்டுது. கடைசி வண்டிக்குப் போனா ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது."

காரணம் எளிது. விஎஸ் கோடின் ஸ்டேட்டஸ் பாரில் தெரியும் வரி எண் 1-இல் தொடங்குகிறது. உள்ளே, எக்ஸ்டென்ஷன்களுக்குத் தரும் எண் 0-வில் தொடங்குகிறது. நான் கண்ணால் பார்க்கும் எண்ணை லைன்அட் என்ற ஃபங்ஷனிடம் கொடுத்திருந்தேன். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு வரி கீழே போய்ப் படித்தது. கடைசி வரிக்குக் கீழே வரியே இல்லை. எர்ரர் வீசிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஸ்கேலை நகர்த்திய பையனை அன்றைக்குத்தான் மன்னித்தேன்.

இந்த 'நிற்கும் வரி' எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் எனக்குக் கிடைத்த ஆச்சரியம்: கர்சரே இல்லாத எடிட்டரிலும் நிற்கும் வரி இருந்தது.

1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சன் ஓர் எடிட்டர் எழுதினார். அதன் பெயர் ஈடி. (எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு சட்டமே இருந்தது; அதனால் அமலாக்கத்துறையின் பெயரில் ஒரு எடிட்டர் இருப்பது எனக்கு உறுத்தவில்லை.) அப்போது பலருக்கும் திரை கிடையாது, டெலிடைப்தான். தட்டச்சு இயந்திரம் போலக் காகிதத்தில் அடித்துக் காட்டும். டெலிடைப் மாடல் 33 ஒரு நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். 72 எழுத்து கொண்ட ஒரு முழு வரிக்கு ஏழு நொடிக்கு மேல் ஆகும். முழுக் கோப்பையும் காட்டு என்று கேட்டால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஆகவே ஈடி எதையும் தானாகக் காட்டாது. கோப்பு முழுவதும் அதன் மனசுக்குள் இருக்கும். அதில் ஒரே ஒரு வரியில் அது நின்றுகொண்டிருக்கும். அந்த வரிக்கு அது வைத்த பெயர் ஒரு புள்ளி.

புள்ளி, பக்கத்தில் 'பி' என்று தட்டினால் நிற்கும் வரி அச்சாகும். புள்ளி, பக்கத்தில் சமக்குறி போட்டால் வரி எண் வரும். வெறும் என்டர் தட்டினால் அடுத்த வரிக்கு இறங்கிக் காட்டும். கோப்பைத் திறந்ததும் புள்ளி நிற்பது முதல் வரியில் அல்ல, கடைசி வரியில். எங்கள் அப்பா காலையில் பேரேட்டைத் திறந்தால் நேற்று நிறுத்திய இடத்துக்குத்தான் போவார். முதல் பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ஈடியில் வரிகள் 1-இல்தான் தொடங்கும். ஆனால் முதல் வரிக்கும் முன்னால் எதையாவது சேர்க்க வேண்டுமென்றால் 0 என்று சொல்லலாம். பூஜ்யம் அங்கே ஒரு வரி அல்ல, வாசற்படி. என்னைக் கவிழ்த்த பூஜ்யம் அப்போதே ஓரமாக வந்து நின்றிருக்கிறது.

இது தாம்ப்சனுக்கு வானத்திலிருந்து விழுந்த யோசனையும் அல்ல. பெர்க்லியில் பட்லர் லாம்ப்சனும் பீட்டர் டாய்ச்சும் 1960-களின் நடுவில் எழுதிய கியூஈடி என்ற எடிட்டரின் பேரப்பிள்ளைதான் ஈடி.

இதற்கு நேர் எதிரான ஒரு பரம்பரையும் இருந்தது. எம்ஐடியில் டான் மர்ஃபி 1962-இல் தொடங்கிய டெக்கோ, கோப்பை வரிகளாகப் பார்க்கவில்லை. எழுத்துகளின் ஒரே நீளச் சரமாகப் பார்த்தது. அங்கே நிற்கும் இடம் எப்போதும் இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி. வரி என்பது, புதுவரிக் குறி எங்கே விழுகிறதோ அதுவரை. டெக்கோவின் மேக்ரோக்களிலிருந்து 1976-இல் ஈமேக்ஸ் பிறந்தது. அதனால்தான் இன்றும் ஈமேக்ஸுக்கு எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர், நிற்கும் இடத்திலிருந்து வரியின் தொடக்கம் எங்கே, முடிவு எங்கே என்று இரண்டு பக்கமும் கேட்டு, நடுவில் உள்ளதை வெட்டி எடுக்கிறார். ஈடியின் வழிவந்த விம் எடிட்டரிலோ 'கெட்லைன்' என்று எழுதி அடைப்புக்குள் ஒரு புள்ளி வைத்தால் வரி வந்துவிடும். அதே புள்ளிதான். 1969-இல் காகிதத்துக்காக வைத்தது.

அந்தப் புள்ளிக்கு உருவம் வந்தது பெர்க்லியில். லண்டன் குயீன் மேரி கல்லூரியின் ஜார்ஜ் கூலூரிஸ், ஈடியின் முனகலைத் தாங்க முடியாத சாதாரண மனிதர்களுக்காக 'இஎம்' என்று ஒன்றை எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு பில் ஜாயும் சக் ஹேலியும் 'எக்ஸ்' எடிட்டரில் இறங்கினார்கள். அதன் காட்சி முகம்தான் 1976-இல் பில் ஜாய் எழுதத் தொடங்கிய விஐ. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகள் ஹெச், ஜே, கே, எல் கீகளின் மேலேயே அச்சடிக்கப்பட்டிருந்தன. இன்றைக்கும் விஐயின் வாரிசான விம்மில் அந்த நாலு கீகளால் நகர்கிறவர்களுக்குக் காரணம் அந்த ஒரு டெர்மினல். 1991-இல் விம்மை வெளியிட்ட பிராம் மூலெனார் 2023 ஆகஸ்டில் காலமானார். அதற்குள் கர்சர் எத்தனையோ உருவம் எடுத்துவிட்டது, உள்ளே புள்ளி மட்டும் மாறவில்லை.

2015-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த விஎஸ் கோடில் வேறு கதை. அங்கே எக்ஸ்டென்ஷன்கள் எடிட்டரோடு ஒரே வீட்டில் இருப்பதில்லை. தனி ப்ராசஸில் ஓடுகின்றன. எடிட்டரில் இருக்கும் கோப்பின் நகல் ஒன்று, வரி வரியாக, அந்தப் பக்கமும் வைக்கப்பட்டிருக்கும். என் எக்ஸ்டென்ஷன் படிப்பது அந்த நகலை. நீங்கள் தட்டிய எழுத்து அங்கே போய்ச் சேர ஒரு கண நேரம் ஆகலாம். எடிட்டரின் பக்கத்திலோ 2018-இல் வரிகளின் பட்டியலையே தூக்கிவிட்டார்கள். 35 எம்பி கோப்பு ஒன்றில் 1 கோடியே 37 லட்சம் வரிகள் இருந்தன. வரிக்கு ஒரு பொருள் என்று வைத்ததில் அது 600 எம்பி நினைவகத்தைத் தின்றது. அதற்குப் பிறகு துண்டு துண்டாகச் சேமித்து, கேட்கும்போது வரியைத் தேடிக் கட்டிக் கொடுக்கிறார்கள். ஆக நாம் 'வரி' என்று நினைப்பது அங்கே இப்போது ஒரு கணக்கு. டெக்கோ ஜெயித்துவிட்டது என்று ஈமேக்ஸ்காரர்கள் சொல்லிக்கொள்ளலாம்; எனக்கும் மறுப்பில்லை.

வரியைப் பிடித்த பிறகுதான் எங்கள் ஊர்ச் சங்கடம். கர்சர் வரியின் எத்தனாவது எழுத்தில் நிற்கிறது?

'தடா' என்று தட்டுங்கள். கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் மூன்று: த, ட, அப்புறம் ஒரு கால். விஎஸ் கோட் யுடிஎஃப்-16 அலகில் எண்ணுவதால் மூன்று என்கிறது. விம்மின் 'col' ஃபங்ஷன் பைட்டில் எண்ணுகிறது. அதற்கு இந்தச் சொல் ஒன்பது. தெலுங்கில் எழுதினால் ஊர்ப்பெயர் குறிலில் முடியும், கால் இல்லை. இரண்டு அலகு, ஆறு பைட். வீட்டுத் தமிழில் மூன்று, பள்ளிக்கூடத் தெலுங்கில் இரண்டு. தமிழக அரசு 2010-இல் ஏற்ற டேஸ்16 குறியீட்டில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஒரே எண் உண்டு; அதில் எங்கள் ஊர் ஒழுங்காக இரண்டே எழுத்து. ஆனால் எடிட்டர்கள் எல்லாம் யூனிகோட் பக்கம் போய்விட்டன.

இதைவிட மோசம் பக்கத்து ஸ்ரீசிட்டி. என் இரண்டாவது போன் அதற்காக வந்தது: பட்டியலில் ஸ்ரீசிட்டி போகும் வண்டிகளில் பாதியை எக்ஸ்டென்ஷன் கண்டுகொள்ளவில்லை. வரியைச் சரியாகத்தான் படித்தது. 2005 வரை 'ஸ்ரீ'யை ஸ-வில் தொடங்கித்தான் எழுத முடிந்தது. அந்த வருடம் யூனிகோட் 4.1-இல் இன்னொரு ஶ சேர்ந்தது. அதில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். கணினிக்கு வேறு வேறு சொல். ஒரு குமாஸ்தாவின் கீபோர்டு ஒன்றை இட்டது, அடுத்தவருடையது மற்றதை. யூனிகோடின் சீராக்கல் விதிகளும் இவற்றை ஒன்றாக்குவதில்லை. நானே கையால் ஒரு மாற்று விதி எழுதிச் சேர்த்தேன்.

2022 ஏப்ரல் 4-ஆம் தேதி வரை தடா நெல்லூர் மாவட்டத்திலும், ஸ்ரீசிட்டி இருக்கும் சத்தியவேடு பக்கம் சித்தூர் மாவட்டத்திலும் இருந்தன. இப்போது இரண்டும் திருப்பதி மாவட்டம். என் பட்டியலில் மாவட்டப் பத்தியைத் திருத்த அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 'ஸ்ரீ'க்கு இரண்டு நாள் போனது.

எடிட்டருக்கு எக்ஸ்டென்ஷன் எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. ஆங்கில வரியில் ஓடிவிட்டது என்று வெளியிட்டுவிடாதீர்கள். கோப்பின் கடைசி வரியில் 'தடா, ஸ்ரீசிட்டி' என்று தட்டி, கர்சரை அங்கே நிறுத்தி, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.