ஆன்செல்மின் வாதமும் கௌனிலோவின் மறுப்பும்

கடவுளை நம்புகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் வாதம் செய்வார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கிறிஸ்தவ வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

பிரான்சில் நார்மண்டிப் பகுதியின் பெக் மடத்துத் துறவி ஆன்செல்ம், 1077-78இல் 'புரோஸ்லோகியோன்' என்னும் சிறு நூலை லத்தீனில் எழுதினார். எதைக் காட்டிலும் பெரியதொன்றை எண்ணவே முடியாதோ, அதுவே கடவுள். அது எண்ணத்தில் மட்டும் இருந்தால், நிஜத்திலும் இருப்பது அதைவிடப் பெரிதாகிவிடுமே! ஆகவே கடவுள் உண்டு என்பது அவர் வாதம்.

இதை மறுத்தவரும் ஒரு கிறிஸ்தவத் துறவியே. மார்மூத்தியே மடத்தைச் சேர்ந்த கௌனிலோ அவர். எல்லாத் தீவுகளையும் மிஞ்சிய ஒரு தீவை மனசில் நினைத்துவிட்டால் அது கடலில் இருந்துவிடுமா என்று கேட்டார். தம் வாதம் தீவு போன்றவற்றுக்குப் பொருந்தாது என்று ஆன்செல்ம் பதில் எழுதினார். அதோடு விட்டாரா? நூலைப் படியெடுப்போர் கௌனிலோவின் மறுப்பையும் தம் பதிலையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸும் ஆன்செல்மின் வாதத்தை ஏற்காமல், உலகில் காணும் அசைவு, காரணம் முதலியவற்றிலிருந்து தொடங்கும் ஐந்து வழிகளைக் கூறினார்.

வரவை மட்டும் எழுதிய பேரேட்டை எந்த வியாபாரி நம்புவான்? படைப்புக் கடவுளை ஏற்காத சமண மரபில் வந்த எனக்கு ஆன்செல்மின் முடிவு உடன்பாடில்லை. ஆனால் பல மதத்தாரோடு அயலூரில் வாழும் நம் பிள்ளைகளுக்கு, மறுப்பையும் சேர்த்துக் கொடுத்த அந்த மனசைச் சொல்லித்தர வேண்டும்.