அலுவிகாரையும் குரங்கின் நெஞ்சும்

இளமையிற் கேட்ட கதையைத் தம் மகவுக்குச் சொல்லும் பெற்றோர், தாம் அறியாமலே நெடியதொரு மரபின் கண்ணியாகின்றனர். அம்மரபின் இயல்பை ஆராயப் புகுவோர்க்கு மாத்தளைப் பகுதி சிறந்த சான்றாகும்.

மாத்தளை நகரின் வடக்கே, தம்புள்ளை செல்லும் பெருவழியருகே, பாறைகளிடையே அமைந்தது அலுவிகாரை. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகம், வட்டகாமணி அபயன் காலத்தில் (கி.மு. 89-77) இங்கேயே ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. கொடிய பஞ்சமும், தமிழர் படையெடுப்பும், சங்கத்துப் பிளவும் நிகழ்ந்த காலம் அது. ஓதுவோர் மாண்டால் ஓதப்பட்டதும் மாளும் என்னும் அச்சமே எழுத்தாணியை எடுப்பித்தது.

திரிபிடகத்துள் அடங்குவன சாதகங்கள். இன்று வழங்கும் தொகுதியில் அவை 547. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. திருநூலாகக் கொள்ளப்பட்டவை செய்யுட்களே. கதையைக் கூறும் உரைநடையோ உரையாசிரியர் வழி வந்து, பிற்காலத்திலேயே இன்றைய உருவம் பெற்றது. எழுதப்பட்ட பின்னரும் கதை சொல்வோர் நாவிலேயே வாழ்ந்தது.

208ஆம் சாதகத்தில், மனைவியின் ஆசைக்காகக் குரங்கின் நெஞ்சைக் கவர முயல்கிறது முதலை. நெஞ்சை அத்தி மரத்தில் தொங்கவிட்டு வந்ததாகச் சொல்லித் தப்புகிறது குரங்கு. இக்கதையே பஞ்சதந்திரத்திலும் உண்டு. ஆங்கே அத்தி நாவலாகிறது. பாரசீகமும் அரபும் கண்ட அந்நூலை, தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையில் ஆக்கினார், ஆண்டு 1826.

19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களை நாடி, மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியே கால்நடையாக மாத்தளையை அடைந்தனர் தமிழகத்துத் தொழிலாளர். வழியிற் பலர் மாண்டனர். அவர்தம் சுமையில் ஏடுகள் அரியன. எனினும் பொன்னர் சங்கர் கதையும் காமன் கூத்தும் அவரோடு வந்து மலையகத்தில் நிலைபெற்றன. அவை நாவிலும் நெஞ்சிலும் வந்தவை. சாதகம் வழியே சிங்களத் தாய் அறிந்த குரங்கும், பஞ்சதந்திரம் வழியே தமிழ்த் தாய் அறிந்த குரங்கும் ஒன்றே. போர்கள் பிரித்த இரு மக்களைக் கதை பிரிக்கவில்லை.

இக்கதையை என் மகளுக்குச் சொன்னபோது, “நெஞ்சை மரத்தில் வைத்துவிட்டால் குரங்கு எப்படி அப்பா உயிரோடிருக்கும்?” என வினவினாள். முதலை இதனைக் கேட்டிருப்பின் கதையே இல்லை. ஏடு அழியாது காக்கும். ஆயின் குழந்தையின் வினாவுக்கு விடையிறுக்காது. அதற்குச் சொல்வோர் ஒருவர் அருகிருத்தல் வேண்டும்.