சிறுநீரக நோயும் இதயமும்: இரத்தக் குழாயில் குறையும் ஒரு வாயு

மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குச் சென்று வருபவர்களின் வீட்டார் கிரியாட்டினின் அளவைத் தவறாமல் கேட்பார்கள். இதயத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் பலரின் உயிரைப் பறிப்பது இதய நோய்தான்.

அதற்கான காரணங்களில் ஒன்று, நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு குறைவது. இரத்தக் குழாயின் உட்சுவரே இதை உண்டாக்குகிறது. சில விநாடிகளே நிலைக்கும். அதற்குள் குழாயைத் தளர்த்தி, இரத்தம் உறைந்து ஒட்டாமலும் காக்கும். அல்லாஹ்வின் ஏற்பாடு அவ்வளவு நுட்பமானது! இதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும் இந்த வாயுவின் வழியாகவே வேலை செய்கிறது.

சிறுநீரகம் பழுதானால் ஏடிஎம்ஏ என்னும் பொருள் இரத்தத்தில் தேங்கி, இந்த வாயு உண்டாவதைத் தடுக்கிறது. 1992இல் லண்டன் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டனர். குழாய் இறுகும், இரத்த அழுத்தம் ஏறும், அது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். அழுகிய முட்டை நாற்றம் கொண்ட ஹைட்ரஜன் சல்பைடும் நம் உடலில் துளியளவு உண்டாகிக் குழாயைத் தளர்த்துகிறது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் அதுவும் குறைந்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

'பீட்ரூட் சாறு குடித்தால் நைட்ரிக் ஆக்சைடு பெருகும்' என்று வாட்ஸ்அப்பில் வருவது பொய்யல்ல. ஆனால் பீட்ரூட்டில் பொட்டாசியமும் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் அளவு மீறினால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம். உடல்நலமுள்ளவருக்கு நல்லதை அத்தாவுக்கும் கொடுத்துவிடாதீர்கள். இளநீர், கீரை, பேரீச்சம்பழம் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். அளவை மருத்துவர் சொல்லட்டும். தண்ணீரால் நோன்பு திறப்பதும் நபிவழியில் உள்ளதே. நோன்பே நோற்க இயலாத நாள்பட்ட நோயாளிக்கு ஃபித்யா என்ற சலுகை இருக்கிறது. மருத்துவர் தடுத்த பிறகும் நோன்பு வைப்பதைப் பேணுதல் என்று எண்ண வேண்டாம்.

அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும், ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைப்பதும், புகையை விடுவதும் இரத்தக் குழாயைக் காக்கும் வழிகள். சிறுநீரில் புரதம் உள்ளதா எனச் சோதித்து நோயை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் தொடங்கியது. வீட்டில் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.