நலமும் மீட்பும்: சித்தூர்ப் பகுதிக் கிறித்துவ மருத்துவப் பணியில் சில சொற்கள்

நோய் நீங்குதலைக் குறிக்கும் சொல், நோயை நீக்குபவர் யார் என்னும் கருத்தையும் உடன் சுமந்து வருவதாகும். தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் சித்தூர்–திருப்பதிப் பகுதி இதனை ஆராய்வதற்கு ஏற்ற களம் எனலாம். திருமலை வேண்டுதல்களால் நேர்த்திக்கடன் வழக்கு இங்கு வேரூன்றியிருந்தது. 1853இல் ஸ்கடர் குடும்பத்தார் நிறுவிய ஆர்க்காட்டு மிஷன், அக்காலத்தில் வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த சித்தூரைத் தன் தொடக்கக் களங்களுள் ஒன்றாகக் கொண்டது. சித்தூர் தனி மாவட்டமானது 1911இல் ஆகும்.

இம்மிஷன் சீர்திருத்தச் சபை மரபைச் சார்ந்தது. நோய் தீர்க்கும் அற்புத வரம் தொடக்கக் காலத் திருச்சபையோடு முடிவுற்றது என்பது அம்மரபின் முன்னோடியாகிய கால்வினின் கருத்து. எனவே இறைவன் நலம் தருவது மருந்தின் வழியாகவே என்னும் நிலைப்பாடு இங்கு இயல்பாயிற்று. 1819இல் இலங்கைக்கு வந்து பின்னர்ச் சென்னையில் பணியாற்றிய மருத்துவர் ஜான் ஸ்கடரின் மரபினர், 1866இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினர்.

ஆனால் மருத்துவர் கொண்ட கருத்தும் மக்கள் கேட்ட வேதச் சொல்லும் ஒன்றாக அமையவில்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அற்புதச் செயலை உணர்த்தும் சொற்களுள் 'வல்லமை', 'அடையாளம்', 'வியப்பு' ஆகிய பொருள்களைத் தருவன மூன்று. யோவான் நற்செய்தி கானா ஊர் நிகழ்ச்சியை 'அடையாளம்' என்றே சுட்டுகிறது. தமிழின் பழைய மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் 'அற்புதம்' என்கிறது; தெலுங்கு 'சூசக கிரியை' என்கிறது. 'அற்புதம்' காண்பவரின் வியப்பை முதன்மைப்படுத்தும். 'சூசக கிரியை' செயல் சுட்டும் பொருளை முதன்மைப்படுத்தும். 1995இல் வெளிவந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பு 'அரும் அடையாளம்' என அமைத்து இரண்டையும் இணைக்க முயன்றது.

இதனினும் நுட்பமானது 'சோசோ' என்னும் கிரேக்க வினை. இது நலமாக்குதல், மீட்டல் என்னும் இருபொருளும் உடையது. பன்னிரண்டு ஆண்டு நோயுற்ற பெண்ணின் நிகழ்ச்சியிலும் (மாற்கு 5:34), மன்னிப்புப் பெற்ற பெண்ணின் நிகழ்ச்சியிலும் (லூக்கா 7:50) இவ்வினையே வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஈரிடத்தும் 'இரட்சித்தது' என்றது. தெலுங்கோ முன்னதற்கு நலமாக்கும் வினையையும் பின்னதற்கு மீட்கும் வினையையும் தேர்ந்தது. தமிழ் வாசகர்க்கு உடல்நலமும் ஆன்ம மீட்பும் ஒன்றாயின. தெலுங்கு வாசகர்க்கு வேறாயின.

இவ்வேறுபாட்டின் விளைவை மதனப்பள்ளியில் காணலாம். அங்கு 1912இல் பல மிஷன்களின் கூட்டு முயற்சியாகக் காசநோய் நலவாழ்வு மனை தொடங்கப்பெற்று, 1915இல் ஆரோக்கியவரத்திற்கு மாறியது. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டியன் பிரிமோட்-மோலர் அதன் முதல் தலைவர். 'வரம்' என்பதைத் தமிழர் 'அருட்கொடை' எனக் கொள்வர்; தெலுங்கிலோ அது ஊர்ப்பெயர்களின் பொது ஈறுமாகும். ஆயினும் அந்த 'வரம்' ஒரு நொடியில் கிட்டியதன்று. காசநோய்க்கு மருந்தில்லாத அக்காலத்தில் ஓய்வு, உணவு, திறந்த காற்று ஆகியவற்றோடு பல மாதங்கள் காத்திருத்தலே மருத்துவமாயிற்று.

1906இல் லாஸ் ஏஞ்சல்ஸில் எழுந்த எழுச்சிக்குப் பின் உலகெங்கும் பரவிய பெந்தெகொஸ்தே இயக்கம், அற்புதங்கள் ஓயவில்லை என்றது. 'சுகமளிக்கும் கூட்டம்' என்னும் தொடர் தமிழில் நிலைபெற்றது. மருத்துவமனை தொலைவிலும் செலவு எட்டாத உயரத்திலும் இருக்கும் ஏழைக்கு வேண்டுதலே அருகிலிருக்கும் முதலுதவி. அவரை அறியாமையுடையவர் என ஒதுக்குதல் பொருந்தாது. மருந்தும் வேண்டுதலும் ஒருங்கே நாடுவோரே பலர்.

இடர்ப்பாடு வினையின் காலத்தில் உள்ளது. நற்செய்திக் கதைகளில் நலம் பெரும்பாலும் முற்றுப்பெற்ற செயல்: 'சுகமானான்'. காசநோய் மருத்துவத்திலோ அது தொடர்வினை: 'குணமாகி வருகிறான்'. 'சுகமாயிற்று' எனக் கருதி மருந்தை இடையில் நிறுத்துவோருக்கு நோய் மீளும். மருந்தை எதிர்க்கும் கிருமியும் உருவாகும். எனவே வேதநூலையும் மருத்துவக் குறிப்பையும் மொழிபெயர்ப்போர் சொல்லின் பொருளோடு வினையின் நிலையையும் கருதுதல் வேண்டும். 'இரட்சித்தது' என்னும் சொல்லின் விரிவை இழக்காமலே, நோயாளியிடம் 'இன்னும் முடியவில்லை' என்று கூறவும் தமிழில் இடமுண்டு.