வடசென்னைக் கருவாடு: உப்புப் பதனமும் கிருமிப் பாதுகாப்பும்

மீனை உப்பிட்டோ உப்பில்லாமலோ வெயிலில் உலர்த்திப் பதப்படுத்திய உணவு கருவாடு. சென்னையின் வடகரையில், ராயபுரம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் தொடங்கித் திருவொற்றியூர் குப்பங்கள் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை, இது பெரும்பாலும் மீனவப் பெண்களின் கைத்தொழில். நெத்திலி, காரப்பொடி, வாளை, காணாங்கெளுத்தி, சுறா, வஞ்சிரம், சென்னாக்குனி எல்லாம் கருவாடாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத காலத்தில் கருவாட்டுக்குக் கிராக்கி கூடும்.

சாசேஜ், பேக்கன் போன்ற பதன இறைச்சிகளில் சோடியம் நைட்ரைட் சேர்க்கிறார்கள். உயிரைப் பறிக்கும் நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவை அது அடக்கிவைக்கும். கருவாட்டில் அப்படி ஒரு காவல் இல்லை. உப்பும் வெயிலும்தான் எல்லாம்.

பெரிய மீனென்றால் குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு, உடலைப் பிளந்து, தடித்த சதையில் கீறல் போட்டு, கீறலுக்குள் கல்லுப்பைத் திணிப்பார்கள். மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது பொதுவான கணக்கு. தொட்டியில் மீனும் உப்புமாக அடுக்கிவைத்தால், மீனிலிருந்து கசியும் நீரே உப்பைக் கரைத்து மீனை மூடிவிடும். ஓரிரு நாள் கழித்து அலசிக் காயப்போடுவார்கள். நெத்திலிபோன்ற பொடிமீன்களை உப்பில்லாமலே காயவைப்பதும் உண்டு.

உப்பு கிருமியை நேரடியாகக் கொல்வதைவிட, அதற்குக் கிடைக்கும் நீரைக் கட்டிப்போடுகிறது என்பதே சரி. இதை ‘நீர்ச் செயல்பாடு’ என்ற அளவால் குறிப்பார்கள். தூய நீருக்கு அது 1. பச்சை மீனுக்கு ஏறக்குறைய 0.99. 0.94-க்குக் கீழே பொட்டுலினம் வளராது. 0.91-க்குக் கீழே மீனைக் கெடுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் நின்றுவிடும். மனிதரின் மூக்கிலும் கைப்புண்ணிலும் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மட்டும் உப்புக்கு எளிதில் அஞ்சாது, ஏறக்குறைய 0.83 வரை தாக்குப்பிடிக்கும். அதன் நஞ்சு குழம்பில் கொதித்தாலும் அழியாது. மீன் அறுப்பவர் கை கழுவுவதும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் பதன முறையின் ஒரு பகுதிதான்.

ஆனால் உப்பு போடும் நேரத்துக்கு முன்பே ஒரு கேடு நிகழ்ந்துவிடலாம். காணாங்கெளுத்தி, மத்தி, சூரை ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. ஐஸ் போதாமல் மீன் சூடேறினால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். உப்பு, வெயில், அடுப்பு எதுவும் அதன்பின் அதை நீக்காது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், தோல் தடிக்கும், தலை வலிக்கும். இதற்காகவே இத்தகைய மீன்களில் ஹிஸ்டமின் கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வரம்பு வைத்திருக்கிறது. பச்சையாக விலைபோகாத மீனைக் கருவாட்டுக்குத் தள்ளும் வழக்கமே இத்தொழிலின் பெரிய பலவீனம்.

உப்பு கைக்கெட்டாததாலும் ஒரு காலத்தில் கருவாடு கெட்டது. ஆங்கிலேயர் ஆட்சியின் உப்பு வரியால் விலை ஏறியபோது மீனவர்கள் உவர்மண்ணைக் கொண்டு மீனைப் பதப்படுத்தினார்கள். 1873-ல் வெளியான மீனியலாளர் பிரான்சிஸ் டேயின் அறிக்கை இந்திய மீன்வளத்தின் நிலையை விரிவாகப் பதிவுசெய்தது. பிறகு சென்னை மாகாணக் கரையோரத்தில் அரசு மீன் பதனக் கூடங்கள் பெருகின. அங்கே வரியில்லாமல் உப்பு கிடைத்தது. மீனவர் கையில் நல்ல உப்பைக் கொடுப்பதும் உணவுப் பாதுகாப்பு நடவடிக்கைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

உப்பளத்திலிருந்தே வரும் கிருமிகளும் உண்டு. ஹாலோபாக்டீரியம், ஹாலோகாக்கஸ் வகைகளுக்கு உப்புதான் வாழ்வு. அவை வளர்ந்தால் கருவாடு இளஞ்சிவப்பாகிப் பிசுபிசுக்கும். வடசென்னையின் கடற்காற்று அதற்குத் துணைபோகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்றாகக் காய்ந்த கருவாடுகூடக் கசியத் தொடங்குவது இதனால்தான். கால்சியம் புரோப்பியோனேட்டைத் தூள் உப்போடு கலந்து தூவினால் இந்தச் சிவப்பும் பூஞ்சணமும் தள்ளிப்போகும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பரிந்துரைக்கும் முறை இது. ஆனால் மீன் கெடாமலிருக்க ஃபார்மலினை நாடக்கூடாது, அது மீனில் சேர்க்க அனுமதியில்லாத நஞ்சு.

காயவைக்கும் இடம் தனிச் சிக்கல். கண்டெய்னர் லாரிகள் ஓயாத சாலையோரத்தில், மணலிலும் தார்ப்பாயிலும் பரப்பிய மீனில் தூசியும் ஈயும் நாய்க் கழிவும் சேரும். தூசி கிளப்பிய சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரி, இரும்புத்தாது கையாளுகை நீதிமன்ற உத்தரவால் 2011-ல் எண்ணூருக்கு மாறியது. ராயபுரத்துக்கு அது ஆறுதல், எண்ணூருக்குக் கூடுதல் சுமை. தரையிலிருந்து உயர்த்திய பரணும் வலை மூடிய சூரிய உலர்த்தியும் இதில் பெருமளவைத் தடுக்கும். செலவை மீனவப் பெண்கள் தலையில் கட்டாமல் அரசு ஏற்பதே நியாயம்.

பதன இறைச்சியை 2015-ல் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் வைத்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, சீன முறை உப்பு மீனை 1993-லேயே அந்த வகையில் சேர்த்துவிட்டது. பிற உப்பு மீன்களைப் பற்றி முடிவுசொல்லும் அளவுக்குச் சான்று போதவில்லை என்றது. எனினும் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டின் உப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வாங்கும்போது தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். வயிறு வெடித்த காணாங்கெளுத்தி, இளஞ்சிவப்புப் படலம், அமோனியா நெடி, விரலில் ஒட்டும் ஈரம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். நல்ல கருவாட்டை வெந்நீரில் அலசிச் சமைத்தால் உப்பும் மணலும் குறையும். கெட்டதை எத்தனை முறை அலசினாலும் அது நல்லதாகாது.