பயண ஓவியமும் கட்டடக்கலைச் சொற்களும்: நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைப்புறத்தை முன்வைத்து

முன்னுரை

பழங்கட்டடங்களைப் பயணத்தினிடையே வரைந்து பதிவு செய்யும் வழக்கம் தென்னிந்தியாவில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றியது. அவ்வோவியங்களை அறிஞர் பெரிதும் கலை வரலாற்றுச் சான்றுகளாகவே ஆராய்ந்துள்ளனர். ஆயின், ஒவ்வோர் ஓவியத்தின் அடியிலும் ஒரு பெயர் எழுதப்படுகிறது. வேற்று மொழியினர் எழுதும்பொழுது அப்பெயர் ஒரு மொழிபெயர்ப்பாகிறது. கோடு செம்மையாக அமைந்தும் பெயர் பிழைபட்டால், கட்டடத்தின் பயனையே பின்வருவோர் பிறழ உணர்வர். தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைப்புறத்தைக் கொண்டு இச்சிக்கல் ஈண்டு ஆராயப்படுகிறது.

டேனியல்களின் தலைப்புகள்

தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் 1792ஆம் ஆண்டு சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டு 1793இன் தொடக்கத்தில் திரும்பினர். இருட்பெட்டிக் கருவியின் துணையால் அவர்கள் வரைந்த படிவங்கள், 1795 முதல் 1808 வரை வெளிவந்த ‘ஓரியண்டல் சீனரி’ தொகுதிகளில் இடம்பெற்றன. அவற்றிலுள்ள 144 படங்களில் மதுரைப் புதுமண்டபமும் ஒன்று. அதன் தலைப்போ ‘திருமலை நாயக்கர் சௌல்ட்ரி’ என்பதாகும். சௌல்ட்ரி, ‘சாவடி’ என்னும் சொல்லோடு தொடர்புடையது. வழிப்போக்கர் தங்குமிடத்தைக் குறிப்பது. புதுமண்டபம் மீனாட்சியம்மன் கோவிலின் வசந்த விழாவிற்கென எழுப்பப்பட்டது. தூண்களின் அமைப்பைப் பிழையின்றிக் காட்டிய படம், தலைப்பினால் அம்மண்டபத்தை ஒரு சத்திரமாக்கிவிட்டது.

அத்தொகுதியிலுள்ள கன்னியாகுமரி முனைக் காட்சி, களக்காட்டருகே நின்று வரைந்ததெனக் குறிக்கப்பட்டுள்ளது. களக்காடு மேற்கு மலைத்தொடரின் கீழ்ப்புறத்தது. மலைக்கு மேல்புறமுள்ள தென் திருவிதாங்கூர்க் கோவில்கள் எவையும் அத்தொகுதியில் இல்லை.

கண்ணுக்கு எட்டாத கட்டடம்

தமிழகக் கோபுரம் தொலைவிலிருந்தே ஓவியனுக்குப் புலப்படும். தென் திருவிதாங்கூரின் மரபோ வேறு. ஓடும் மரமும் கொண்ட சரிகூரைகள் தாழ்ந்து அமைவன. ஸ்ரீகோவிலைச் சுற்றம்பலம் மறைக்கும். அதனைத் திருமதில் சூழும். 1936ஆம் ஆண்டுக் கோவில் நுழைவு அறிவிப்பிற்கு முன்னர் இந்துக்களிலேயே பலர் உள்ளே செல்ல இயலவில்லை. வேற்றுச் சமயப் பயணிக்குத் திருமதிலே எல்லையாயிற்று.

ஆகவே இப்பகுதியின் பழங்கட்டடங்கள் பற்றிய செய்தி நெடுங்காலம் சொல்வழியாகவே கிடைத்தது. பாறசாலைக்குத் தெற்கே முஞ்சிறையருகிலுள்ள பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் திருமால் கோவிலும், தொண்ணூற்றைந்து சட்டர் பயிலும் சாலையும் நிறுவியதைக் கி.பி. 866ஆம் ஆண்டுச் செப்பேடு தெரிவிக்கிறது. அதனைத் து.அ. கோபிநாதராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார். ‘சாலை’ இன்று தமிழில் வழியையே பெரிதும் குறிக்கிறது. செப்பேட்டில் அது கல்வி நிலையம். பாறசாலை என்னும் ஊர்ப்பெயரிலும் இச்சொல் ஒலிக்கிறது. ஓவியம் இல்லாத இடத்தில் கட்டடத்தை மீட்டுருவாக்க, சொல்லின் பழம்பொருளே துணையாகிறது.

ஒரு சொல், இரு பொருள்

எல்லைப்புறத்தில் இடர் தருவன முற்றிலும் வேறான சொற்களைவிட, உருவால் ஒத்துப் பொருளால் பிரிந்த சொற்களே. ‘அம்பலம்’ தமிழில் பொதுவிடம், மன்றம், மலையாளத்தில் கோவில். ‘கொட்டாரம்’ தமிழில் நெற்களஞ்சியம், மலையாளத்தில் அரண்மனை. தமிழ் ‘உத்திரம்’ கூரையையோ மேல்தளத்தையோ தாங்கும் குறுக்கு விட்டம். மலையாள ‘உத்தரம்’ சுவரின் தலையில் கிடந்து கூரைக்கழிகளைத் தாங்கும் மரம். இவற்றை ஒலியொப்புமை கருதி அப்படியே பெயர்த்தால் அரண்மனை களஞ்சியமாகும்; சுவர்மேல் மரம் அறையின் குறுக்கே கிடப்பதாகிவிடும்.

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையருகே எல்லை அமைந்தது. தமிழக எல்லைக்குள் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் கேரள அரசின் பொறுப்பில் உள்ளது. அங்குள்ள ‘தாய்க்கொட்டாரம்’ என்னும் பெயரில் தமிழ் அறிந்தோர் தாயைக் காண்பர். கொட்டாரத்தை அரண்மனையென உணர மலையாள வழக்கறிவு வேண்டும்.

ராம் ராசின் முன்மாதிரி

ராம் ராசு எழுதி, அவர் மறைவிற்குப் பின் 1834இல் இலண்டனில் வெளிவந்த இந்துக் கட்டடக்கலை பற்றிய நூல் இதற்கு வழிகாட்டுகிறது. அவர் சிற்ப நூல்களைத் திரட்டி, கம்மாளரின் தொழிலறிவைத் துணைக்கொண்டு, உறுப்புகளுக்கு நூல்வழக்குப் பெயர்களை ஆய்ந்து, 48 படங்களோடு விளக்கினார். டேனியல்கள் படத்தை வரைந்து பெயரைச் சேர்த்தனர். ராம் ராசோ பெயரை ஆய்ந்து படத்தை அமைத்தார்.

முடிவுரை

இன்றும் பயண ஓவியர் இப்பகுதி வீடுகளையும் கோவில்களையும் வரையலாம். மரக்கூரை அருகிக் கற்காரைத்தளம் பெருகும் நிலையில், கூரையுறுப்புகளின் பெயர்களும் தச்சரோடு மறையும் இடர் உள்ளது. எனவே ஓவியத்தின் அடியில் உறுப்பின் பெயரை உள்ளூர் ஒலிப்பிலேயே எழுதுதல், அது எம்மொழி வழக்கென்று சுட்டுதல், உறுப்பின் பயனை ஒரு தொடரில் விளக்குதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. இவ்வாறு அமையும் ஓவியம் அகராதிக்கும் சான்றாகும். மொழிபெயர்ப்பாளர் ஒலியை நம்பி வழுவாது உறுப்பைக் கண்டு சொல்லைத் தேர இயலும்.