வாளும் எலும்பும்: விஸ்பி நகரின் மூடிய வாசல்



அரசர் காலத்துப் படம் எதைப் பார்த்தாலும் ஒரு காட்சி நிச்சயம் இருக்கும். கதாநாயகன் வாளை ஒருமுறை சுழற்றுவார். எதிரி தோளிலிருந்து இடுப்புவரை இரண்டாகப் பிளந்து விழுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உடனே கேட்பார்கள்: "நிஜமாவே அப்படி வெட்ட முடியுமா?" இந்தக் கேள்விக்குச் சாட்சி சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். 660 ஆண்டுகளுக்கு முன் வெட்டுப்பட்டவர்களின் எலும்புகள்தான் அவை.

முதலில் கறிக்கடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கறியை அரிய ஒரு மெல்லிய கத்தி. எலும்பைத் துண்டுபோட ஒரு கனமான வெட்டுக்கத்தி. எலும்பை வெட்டும்போது அடியில் புளியமரக் கட்டையும் வேண்டும். எலும்பு நகராமல் இருந்தால்தான் வீச்சின் வேகம் முழுவதும் அதில் இறங்கும். வாளுக்கு இந்த வசதிகள் கிடையாது. ஐரோப்பிய இடைக்காலத்து ஒருகை வாள் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை கிலோ எடைதான். எதிரி கட்டைமேல் கிடப்பவர் அல்ல. நகர்பவர், விலகுபவர், கேடயம் பிடித்திருப்பவர். வாளின் பலம் அதன் எடையைவிட வேகத்திலும் கூர்மையிலும் இருக்கிறது. வெட்டு விழும்போது கூர்முனை சற்றே சாய்ந்தாலும் அந்த வேகத்தின் பெரும்பகுதி வீணாகிவிடும்.

இனி களத்துக்குப் போவோம். பால்டிக் கடலில், இன்றைய சுவீடனைச் சேர்ந்த காட்லாண்ட் தீவு. அதன் துறைமுக நகரம் விஸ்பி, ஹான்சா வணிகக் கூட்டணியைச் சேர்ந்த செல்வச் செழிப்பான ஊர். சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு அதைச் சுற்றி ஒரு கல்மதில்; இன்றும் நிற்கிறது. 1361 ஜூலையில் டென்மார்க் அரசர் நான்காம் வால்டமர் படையுடன் தீவில் இறங்கினார். அவரை எதிர்த்து நின்றவர்கள் தீவின் கிராமத்து விவசாயிகள். ஜூலை 27 அன்று, மதிலுக்கு வெளியே, நகரத்தார் பார்த்துக்கொண்டிருக்கும் தூரத்திலேயே, அவர்கள் வெட்டி வீழ்த்தப்பட்டார்கள்.

கடும் கோடைக்காலம். பிணங்களைக் கவசத்தோடு சேர்த்தே பெரிய குழிகளில் போட்டு மூடியிருக்கிறார்கள். 1905 முதல் 1930 வரை பல கட்டங்களாக அந்தக் குழிகள் தோண்டப்பட்டன. கிட்டத்தட்ட 1,200 பேரின் எலும்புகள் கிடைத்தன. பெங்ட் தோர்டெமான் தலைமையில் 1939-இல் வெளிவந்த ஆய்வுநூல், இந்தத் துறையில் இன்றும் அடிப்படை நூலாக இருக்கிறது.

எலும்பில் விழுந்த வெட்டை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? உயிருள்ள எலும்பில் ஈரமும் நெகிழ்வும் உண்டு. கூரான இரும்பு பட்டால் வழவழப்பான, நேரான வெட்டுமுகம் கிடைக்கும். மண்ணுக்குள் பல காலம் கிடந்து காய்ந்த எலும்பு மண்வெட்டி பட்டால் சொரசொரப்பாக நொறுங்கும். வெட்டுப்பட்டவர் பிழைத்திருந்தால் விளிம்புகள் மழுங்கி, புது எலும்பு வளர்ந்திருக்கும். ஆனால் ஒரு வெட்டு வாளால் விழுந்ததா, கோடரியால் விழுந்ததா என்று எல்லா இடத்திலும் பிரித்துச் சொல்ல முடியாது.

விஸ்பியில் கிடைத்த வெட்டுகளில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழே இருந்தது. முன்னங்காலை நீங்களே தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும். சதைக் காப்பு இல்லை. மார்பைத் தகட்டுக் கவசமும் கேடயமும் காத்தன. கால்களைக் காக்க அந்த விவசாயிகளிடம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கேடயத்துக்குக் கீழே வீசியவன் காலை வீழ்த்தினான். விழுந்தவரின் தலைக்கு அடுத்த அடி. ஒருவருக்கு இரண்டு முன்னங்கால்களும் ஒரே வீச்சில் துண்டாகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆகவே நல்ல கையில் இருந்த கூரான ஆயுதம் கால் எலும்பைத் துண்டாக்கியது உண்மை. ஆனால் வேறு பல வெட்டுகள் எலும்பில் ஒரு பள்ளத்தை மட்டும் போட்டுவிட்டு நின்றுவிட்டன. ஒரே உடலில் பல வெட்டுகள் இருப்பதும் உண்டு. படத்தில் வருவதுபோல ஒரு வீச்சில் வேலை முடிந்துவிடவில்லை.

பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் டவ்டனில் 1461-இல் நடந்த போரில் இறந்தவர்களின் குழி ஒன்று 1996-இல் கட்டட வேலையின்போது வெளிப்பட்டது. அதிலிருந்த நடுவயதுக்காரர் ஒருவரின் தாடையில் பழைய ஆழமான வெட்டு ஒன்று நன்றாக ஆறியிருந்தது. யாரோ அவருக்குச் சிகிச்சை செய்து, உணவூட்டித் தேற்றியிருக்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்து மறுபடி போருக்குப் போய், அங்கே இறந்திருக்கிறார்.

விஸ்பி எலும்புகள் சொல்லும் இன்னொரு செய்திதான் மனதை உலுக்குகிறது. இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது சிறுவர்களும் வயதானவர்களும். பழைய நோயால் உடல் நலிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்த ஊர்க்காரர்கள் இவர்கள். எதிரே நின்றது போரையே தொழிலாகக் கொண்ட படை.

அத்தனை பேர் வெளியே சாகும்போது நகரத்தின் வாசல் திறக்கவில்லை. நகரத்துக்கும் கிராமங்களுக்கும் பகை பழையது; 1288-இல் இருதரப்பும் நேரடியாகவே போரிட்டிருக்கின்றன. கதவைத் திறந்தால் ஓடி வருபவர்களோடு எதிரியும் நுழைவான் என்ற பயமும் இருந்திருக்கும். இரண்டே நாளில் நகரத்தார் சரணடைந்தார்கள். வால்டமர் அவர்களுடைய வணிக உரிமைகளை உறுதிசெய்து கொடுத்தார். கணக்குப் பார்த்தால் நகரத்துக்கு நஷ்டம் குறைவு.

போர் நடந்த இடத்தில் ஒரு கற்சிலுவை நட்டிருக்கிறார்கள். விஸ்பியின் வாசலுக்கு முன்னால் இவர்கள் வீழ்ந்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. எந்த ஊரின் வாசலில் என்பதைச் சொல்லாமல் விட அதை நட்டவர்களுக்கு மனம் வரவில்லை.

அடுத்தமுறை வாள்சண்டைப் படம் பார்க்கும்போது பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்டால், "காலை வெட்ட முடியும், ஆளைப் பிளப்பது சினிமா" என்று சொல்லுங்கள். அந்த மூடிய கதவைப் பற்றியும் சொல்லுங்கள்.